கொங்கு நாட்டுப் பழங்குடிச் சிறாரின் உறைவிடப் பள்ளி அனுபவங்கள்

கொங்கு நாட்டு மலைகளில் வாழும் பழங்குடிச் சிறாரில் பலர் வீட்டைப் பிரிந்து, அரசு பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தங்கிப் படிக்கின்றனர். பல குடும்பங்களில் பள்ளிக்குச் செல்லும் முதல் தலைமுறையினர் இவர்களே. இத்தகைய இளமைக்கால அனுபவங்களை இளம் வாசகர்களுக்குச் சொல்லும் நூல்கள் கனடா முதலிய நாடுகளில் சிறார் இலக்கியத்தின் தனிப் பிரிவாக வளர்ந்துள்ளன. தமிழில் அத்தகைய பதிவுகள் மிகக் குறைவு.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். இது மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 சதவீதமாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 சதவீதமாக இருந்தது.

கோவை மாவட்டத்தில் ஆனைகட்டி, காரமடைப் பகுதி மலைகளில் இருளர்கள் வாழ்கின்றனர். ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர் ஆகியோர் உள்ளனர். ஈரோடு மாவட்டத்தின் சத்தியமங்கலம், தாளவாடி மலைகளில் சோளகர், ஊராளி, இருளர் ஆகியோரும், பர்கூர் மலையில் மலையாளி இனத்தவரும் வாழ்கின்றனர். கோவைப் பகுதியில் பழங்குடிக் குடியிருப்புகள் ‘பதி’ என்றும், சோளகர் குடியிருப்புகள் ‘தொட்டி’ என்றும் அழைக்கப்படுகின்றன.

இக்குடியிருப்புகள் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை. யானை நடமாடும் காட்டுப்பாதையில் சிறுவர்கள் நாள்தோறும் நடந்து பள்ளிக்குச் செல்வது கடினம். ஈரோடு மலைப்பகுதிகளிலிருந்து பெற்றோர் கரும்பு வெட்டும் வேலைக்குக் குடும்பத்தோடு வெளியூர் செல்லும் மாதங்களில் குழந்தைகளின் படிப்பு நின்றுவிடும். உறைவிடப் பள்ளிகள் தேவைப்பட்டதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

பள்ளிகளின் அமைப்பு

தமிழ்நாட்டில் பழங்குடியினர் நலத்துறை முந்நூற்றுக்கும் மேற்பட்ட உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. உணவு, தங்குமிடம், சீருடை, பாடநூல் ஆகியவை இலவசம். பல பள்ளிகளில் ஆசிரியரே விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் வகிக்கிறார். இவை தவிர, 1997-98இல் மத்திய அரசு தொடங்கிய ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளித் திட்டத்தின் கீழ் 6 முதல் 12 வரையிலான வகுப்புகள் கொண்ட பள்ளிகள் நடைபெறுகின்றன.

பள்ளியில் சேர்வதோடு சிக்கல் முடிவதில்லை. பட்டியல் பழங்குடி வரிசையில் மலையாளி இனம் சேலம், தருமபுரி முதலிய சில மாவட்டங்களுக்கு மட்டுமே குறிப்பிடப்பட்டது. பழைய கோவை மாவட்டம் அதில் இடம்பெறவில்லை. 1979இல் கோவையிலிருந்து ஈரோடு பிரிந்த பின்னரும் அந்த நிலை தொடர்ந்தது. இதனால் பர்கூர் மலை மாணவர்கள், சேலத்தில் உள்ள தம் உறவினர்கள் பெறும் சாதிச் சான்றிதழைப் பெற முடியாமல் நீண்டகாலமாகப் போராடி வருகின்றனர். உதவித்தொகையும் உயர்கல்வி இட ஒதுக்கீடும் அந்தச் சான்றிதழைச் சார்ந்தவை.

மொழியும் பிரிவும்

விடுதிக்கு வரும் ஆறேழு வயதுக் குழந்தை ஒரே நாளில் இரண்டு மாற்றங்களைச் சந்திக்கிறது: வீடு மாறுகிறது, மொழியும் மாறுகிறது. இருளர் மொழி தமிழுக்கு நெருக்கமான தனித் திராவிட மொழி. சோளகர் மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது. வகுப்பில் ஆசிரியரின் தமிழ் புரியாமல் அமைதியாக இருக்கும் குழந்தை, படிப்பில் மந்தம் என்று தவறாக மதிப்பிடப்படும் வாய்ப்பு உண்டு.

இந்திய அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. எழுத்து வடிவிலான பாடநூல் இல்லாத மொழிகளுக்கு இது நடைமுறையில் எட்டவில்லை.

விடுதிக் காலத்தில் குழந்தைகள் இழப்பவை வேறும் உண்டு. கிழங்கு அகழ்தல், தேன் எடுத்தல், விலங்கின் தடம் அறிதல் முதலியவை பெரியவர்களோடு காட்டில் நடந்து கற்க வேண்டியவை. இருளரின் கொகால், பொறை ஆகிய இசைக்கருவிகளும் ஊர் விழாக்களில் உடனிருந்தே பழகப்படுகின்றன. மறுபுறம், வேளாவேளைக்கு உணவு, பிற பதிகளின் நண்பர்கள், எழுத்து, அரசு வேலைக்கான வழி ஆகியவற்றை இப்பள்ளிகளே அளித்தன. இந்த அனுபவத்தில் இழப்பும் பேறும் கலந்தே உள்ளன.

வீட்டுக்கு அருகிலேயே கற்பிக்கும் மாற்று முயற்சிகளும் உள்ளன. ஆனைகட்டியில் 2007இல் தொடங்கப்பட்ட வித்யா வனம் பள்ளியில் இருளர் குழந்தைகள் படிக்கின்றனர். நீலகிரி மாவட்டம் கூடலூரில் உள்ள வித்யோதயா பள்ளியில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே ஆசிரியர்களாகப் பணியாற்றுகின்றனர்.

கனடாவின் அனுபவம்

கனடாவில் அரசும் கிறித்தவ சபைகளும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை அளிக்கப்பட்டது. பலர் வன்கொடுமைக்கு ஆளாயினர், ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை அளித்தது. இவ்வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிப்பதும் அவற்றுள் ஒன்று.

1973இல் ஆறு வயதில் பள்ளிக்குச் சென்ற ஃபிலிஸ் வெப்ஸ்டாட், பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சு நிறச் சட்டையை முதல் நாளிலேயே இழந்தார். அந்த நிகழ்ச்சி சிறார் நூலாகவும், செப்டம்பர் 30 அன்று கடைப்பிடிக்கப்படும் நினைவு நாளாகவும் ஆனது. இனுவியாலுயிட் இனத்தைச் சேர்ந்த மார்கரெட் போக்கியாக் ஃபென்டன், தாம் படிக்க ஆசைப்பட்டுச் சென்ற பள்ளியில் அடைந்த அவமானத்தைத் தம் மருமகளுடன் சேர்ந்து 2010இல் ‘ஃபேட்டி லெக்ஸ்’ என்னும் நூலாக எழுதினார். அதே அனுபவம் இன்னும் சிறிய குழந்தைகளுக்காக 2013இல் படநூலாக வந்தது.

கனடாவின் பள்ளிகள் பூர்வகுடிப் பண்பாட்டை அழிக்கும் நோக்கம் கொண்டவை. அங்கு சேர்க்கை சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி அளிக்கும் நலத்திட்டமாகத் தொடங்கப்பட்டவை. இரண்டையும் ஒன்றாகக் கருத முடியாது. ஆனால், வீட்டைப் பிரிந்த குழந்தையின் தனிமையும் மொழி இழப்பும் இரு இடத்துக்கும் பொதுவானவை.

தமிழில் பதிவுகள்

சத்தியமங்கலம் காட்டுச் சோளகர்களின் வாழ்வைச் சொல்லும் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) பெரியவர்களுக்கான நாவல். விடுதியில் வளர்ந்தவர்கள் தம் குழந்தைப் பருவத்தைச் சிறாருக்காகத் தாமே எழுதும் மரபு இனிமேல்தான் உருவாக வேண்டும். அவர்களில் பலர் இன்று ஆசிரியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் உள்ளனர்.

இளம் வாசகர்களுக்குச் சொல்லும் முறை

இத்தகைய படைப்புகளில் சில நெறிகள் பின்பற்றப்படுகின்றன.

• அனுபவித்தவரே சொல்வது, அல்லது அவரது ஒப்புதலுடன் அவர் பெயரையும் சேர்த்து எழுதுவது.
• கொடுமைகளை வாசகரின் வயதுக்கேற்ற அளவில் சொல்வது. சட்டை, தட்டு, தலைமுடி போன்ற ஒரு சிறு பொருள் வழியாகவே குழந்தைகள் பெரிய இழப்பைப் புரிந்துகொள்கின்றனர்.
• தாய்மொழிச் சொற்களை நீக்காமல், பொருளுடன் தருவது.
• குழந்தையை இரக்கத்துக்குரியவராக மட்டும் காட்டாமல், அவரது குறும்பு, துணிவு, நட்பு ஆகியவற்றையும் சொல்வது.
• இப்போது படிக்கும் மாணவர்களின் அடையாளத்தைக் காப்பது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2012 போக்சோ சட்டம் தடை செய்கிறது.

முக்கியத்துவம்

பதியிலிருந்து வரும் மாணவர், தம் வாழ்வை ஒரு நூலில் காணும்போது அது எழுதத் தகுந்தது என்று உணர்கிறார். சமவெளி மாணவர், பக்கத்து இருக்கையில் பேசாமல் இருப்பவர் இன்னொரு மொழியில் நன்றாகப் பேசுபவர் என்பதை அறிகிறார். விடுதியில் தாய்மொழிக்கு இடம் தருவது, பழங்குடி ஆசிரியர்களை நியமிப்பது, ஊர் விழாக்களுக்கு விடுமுறை அளிப்பது போன்ற மாற்றங்களுக்கும் இப்பதிவுகள் சான்றாக அமையும்.