டீக்கடைக் கல்லாவை எட்டிப் பார்த்தது வரி இலாகா!

"லட்சக்கணக்கில் பாக்கி" என்று நோட்டீஸ். கதிகலங்கிய சிறு வியாபாரிகள்

2025 ஜூலை மாதம் பெங்களூரில் டீக்கடை, பேக்கரி, பெட்டிக்கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர் கதிகலங்கிப் போனார்கள். கர்நாடக வணிக வரி இலாகாவில் இருந்து பறந்து வந்த நோட்டீஸ்தான் காரணம்.

"உங்கள் வியாபாரம் வரம்பைத் தாண்டிவிட்டது. ஜி.எஸ்.டி.யில் ஏன் பதிவு செய்யவில்லை?" என்பதுதான் கேள்வி. சிலருக்கு வரி, வட்டி, அபராதம் என்று லட்சக்கணக்கில் தொகையும் போடப்பட்டிருந்தது.

இலாகாவுக்கு எப்படித் தெரிந்தது? வாசலில் ஆளை நிறுத்தி வேவு பார்க்கவில்லை. கல்லாப் பெட்டியில் ஒட்டியிருக்கிறதே ஸ்கேன் அட்டை, அதுதான் காட்டிக்கொடுத்தது! 2021-22 முதல் 2024-25 வரை செல்போன் வழியாக யாருக்கு எவ்வளவு பணம் வந்தது என்ற விவரத்தை, பணம் வாங்கித் தரும் கம்பெனிகளிடம் இலாகா கேட்டு வாங்கியது. வரம்பைத் தாண்டியவர்களுக்கு நோட்டீஸ் போனது.

காய்கறிக்காரருக்கு ரூ.29 லட்சம்!

இதில் பெரிய பரபரப்பு, ஒரு காய்கறி வியாபாரியின் கதை. 4 வருடத்தில் அவருக்கு ஸ்கேன் மூலம் வந்த பணம் ரூ.1 கோடியே 63 லட்சம். கட்டச் சொன்ன தொகை ரூ.29 லட்சம்!

1 கோடியே 63 லட்சம் என்றதும் வாய் பிளக்க வேண்டாம். 4 வருடத்துக்கு வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு சுமார் 11 ஆயிரம் ரூபாய்தான் கல்லா. அதிலும் பெரும்பகுதி காய் கொடுத்த விவசாயிக்குப் போய்விடும். போதாக்குறைக்கு பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. வரியே கிடையாது. வெறும் காய்கறி மட்டும் விற்பவர் பதிவு செய்யவே தேவையில்லை. இலாகாவின் கம்ப்யூட்டருக்குப் பணம் வந்தது தெரிந்தது. கத்தரிக்காய் போனது தெரியவில்லை.

டீக்கடைக் கணக்கு

எந்தத் தெருவிலும் உள்ள ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். டீ 15 ரூபாய். நாளைக்கு 400 டீ. அப்படியானால் கல்லா 6 ஆயிரம். லீவு போடாமல் 365 நாளும் கடை திறந்தால் ரூ.21 லட்சத்து 90 ஆயிரம்!

சரக்கு விற்பவருக்கு வரம்பு ரூ.40 லட்சம். ஆனால் டீ போட்டுக் கொடுப்பது 'சேவை' கணக்கில் வருகிறது. அதற்கு வரம்பு ரூ.20 லட்சம். டீக்கடைக்காரர் தனக்கே தெரியாமல் கோட்டைத் தாண்டிவிட்டார்.

5 சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 9 ஆயிரத்து 500. நாலு வருடம் சேர்த்து, ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் போட்டால்? டீ குடித்தவரிடம் அன்றைக்கு அவர் வரி வாங்கவில்லை. இன்று சொந்தக் கையில் இருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். பால், சர்க்கரை, கேஸ், வாடகை, டீ மாஸ்டர் சம்பளம் எல்லாம் போக மிஞ்சியதில் இது எங்கே இருந்து வரும்?

இதே ஆள் வருமான வரி ஆபீசுக்குப் போனால் அநேகமாக ஒரு பைசா பாக்கி இருக்காது! அங்கே பார்ப்பது லாபத்தை. சிறு வியாபாரிக்கு ஸ்கேனில் வந்த பணத்தில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஜி.எஸ்.டி.யோ மொத்த விற்பனையைப் பார்க்கிறது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. பாலுக்கு வரி இல்லை. ஆனால் பாலோடு பிஸ்கட்டும் விற்றால், வரம்பைக் கணக்கிடும்போது பால் விற்ற பணமும் சேர்ந்துவிடும்.

"காசு மட்டும் கொடுங்க!"

நோட்டீஸ் வந்ததும் பெங்களூர் கடைகளில் ஸ்கேன் அட்டைகள் மாயமாயின. "காசு மட்டும்" என்று போர்டு தொங்கியது. ஆனால் இதில் பலன் இல்லை. பணம் எந்த வழியில் வந்தாலும் விற்பனை விற்பனைதான் என்று இலாகா கறாராகச் சொல்லிவிட்டது. அட்டையைக் கிழித்தால் பழைய கணக்கு அழியுமா என்ன?

23, 24-ந்தேதிகளில் பால் விற்பதில்லை, 25-ந்தேதி முழு கடை அடைப்பு என்று வியாபாரிகள் அறிவித்தனர். 23-ந்தேதி முதல்-மந்திரி சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் இனி பதிவு செய்ய வேண்டும் என்றார். கடை அடைப்பு கைவிடப்பட்டது.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. "எங்களுக்குக் கைக்கு வருமுன்பே பிடிக்கிறான், இவங்களுக்கு மட்டும் தள்ளுபடியா?" என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குமாஸ்தாவுக்குப் பிடித்தம் போட ஆபீஸ் இருக்கிறது. டீக்கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கே எப்படி?

தமிழ்நாட்டிலும் அதே ரூ.40 லட்சம், ரூ.20 லட்சம் வரம்புதான். 2025 ஜனவரியில் பானிபூரி வியாபாரி ஒருவருக்கு வந்ததாக ஒரு தமிழ்நாடு நோட்டீசின் படம் செல்போனுக்குச் செல்போன் பரவியது. ஒரு வருடத்தில் ரூ.40 லட்சம் வந்ததாக அதில் கண்டிருந்தது. "வேலையை விட்டுட்டு பானிபூரி போடலாம்டா" என்று சிரித்தார்கள். பூரி, எண்ணெய், கேஸ் செலவை யாரும் கேட்கவில்லை.

சீட்டுப் பணம், மச்சான் தந்த கைமாற்று, கடைக் கல்லா மூன்றையும் ஒரே பேங்க் கணக்கில் வாங்குவதுதான் பலர் செய்யும் தப்பு. இலாகா கண்ணுக்கு மூன்றும் வியாபாரம் போலத்தான் தெரியும். கடைக்குத் தனிக் கணக்கு வைத்து, கொள்முதல் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்தால் பாதி தலைவலி தீரும்.

வரம்பைத் தாண்டியவர்களுக்கு இணக்க வரித் திட்டம் இருக்கிறது. ரூ.1½ கோடி வரை விற்பனை உள்ளவர்கள் சேரலாம். கடைக்காரருக்கு 1 சதவீதம், ஓட்டலுக்கு 5 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும். இதை வாடிக்கையாளர் தலையில் வைக்க முடியாது.

நோட்டீஸ் வந்துவிட்டால் அதைப் பரணில் போடக்கூடாது. விளக்கம் கேட்டு வருவது இறுதி உத்தரவு அல்ல. குறித்த தேதிக்குள் என்ன விற்றோம், எதற்கு வரி இல்லை, எந்தப் பணம் வியாபாரப் பணம் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் போகாவிட்டால் அவர்கள் போட்ட கணக்கே கணக்காகிவிடும்.