கேட்டவரும் கேளாதவரும்

பாடியில் உள்ள திருவலிதாயம், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தொண்டை நாட்டுத் தலம். பரத்வாஜ முனிவர் வலியன் குருவி வடிவில் இங்கே ஈசனைப் பூஜித்தார் என்பது தலவரலாறு. குரு பகவானின் அருள் வேண்டி வியாழக்கிழமைதோறும் அன்பர்கள் திரள்கின்றனர். இத்திருக்கோயிலுக்கு அண்மையில் அமைந்ததே மண்ணூர்பேட்டை. அதையடுத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா முதலிய ஆலைகள் பாடியில் எழுந்தன. காலப்போக்கில் உதிரிபாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகள் இவ்வட்டாரமெங்கும் பெருகின.

இப்பட்டறைகளின் உரிமையாளர்களைத் தேடிக் கல்லூரி மாணவர்கள் வினாத்தாளுடன் வருவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. இறுதியாண்டில் ஆய்வேடு அளித்தாக வேண்டும் அல்லவா? முதலீடு எவ்வளவு, எத்தனை பேர் பணிபுரிகின்றனர், வங்கிக் கடன் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்கின்றனர். லேத் இயந்திரத்தின் மேல் இட்ட சந்தனப் பொட்டும், கணக்குப் புத்தகத்தின் தலைப்பில் உள்ள பிள்ளையார் சுழியும் அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. ஆயினும் வினாத்தாளில் அவற்றுக்கு இடமில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே சென்னையில் ஒருவர் அந்த வினாவைக் கேட்டார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்து அறிஞர் மில்டன் சிங்கர் அவர். 1954ஆம் ஆண்டு முதன்முதலாக ஆய்வுக்கு வந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் சம்ஸ்கிருதப் பேராசிரியர் டாக்டர் வே. ராகவன் அவருக்கு வழிகாட்டினார். நம் ராதா கிருஷ்ண பஜனை மரபைப் பற்றி விரிவாக எழுதியவரும் இவரே. 1964இல் மீண்டும் வந்து, சென்னையின் முன்னணித் தொழிலதிபர்கள் 19 பேரை நேரில் கண்டு உரையாடினார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கர்மம், மறுபிறவி ஆகிய நம்பிக்கைகள் புதிய தொழில்முறை தோன்றத் தடையாய் நின்றன என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் எழுதியிருந்தார். பெரும் படிப்பாளிதான், ஆனால் இந்திய மண்ணை அவர் மிதித்ததே இல்லை. நூல்களைக் கொண்டே எழுதினார். சிங்கரோ, தொழில் நடத்துபவரிடமே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டார்.

அவர் கண்டது வேறு. பூஜையும் பக்தியும் அந்த அதிபர்களின் தொழிலுக்குக் குறுக்கே நிற்கவில்லை. அலுவலகத்தில் கால்சட்டையும் ஆங்கிலமும். இல்லம் திரும்பினால் வேட்டியும் தாய்மொழியும். இரண்டையும் தனித்தனியே வைத்து, மனப்போராட்டம் இன்றி வாழ்ந்தனர். நெடிய சடங்குகளுக்கு நேரமில்லாதபோது அவற்றைச் சுருக்கிக்கொண்டனர். அல்லது மனைவியும் புரோகிதரும் அவர்கள் சார்பில் செய்தனர். (இதைக் கண்டுபிடிக்கச் சிகாகோவிலிருந்து வர வேண்டுமா என்று நம் இல்லத்தரசிகள் நகைக்கக்கூடும்!) 1972இல் வெளிவந்த தம் நூலில் இவற்றையெல்லாம் அவர் பதிவு செய்தார்.

ஆனால் சிங்கர் சந்தித்தவர்கள் பெருந்தொழிலதிபர்கள். இரண்டு லேத்துகளை வைத்துத் தொழில் தொடங்கியவரின் பக்தி அவர் நூலில் இல்லை. அவருக்குப் புரோகிதர் ஏது? ஆயுத பூஜையன்று எண்ணெய்ப் பிசுக்கைத் தாமே துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்பவர் அவர். ஆர்டர் வராத மாதத்திலும் அமாவாசைப் பூஜையை அவர் ஏன் விடவில்லை? முதலில் செய்த உருப்படியை எந்தத் தெய்வத்தின் முன் வைத்தார்? இவற்றுக்கு விடை எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. அறிந்தவர்களோ இன்று எழுபதும் எண்பதும் கடந்த முதியவர்கள். இதை வாசிப்போரிலும் சிலர் இருப்பீர்கள்.

ஆகவே, பேரனோ பேத்தியோ ஆய்வேட்டுக்காகப் பட்டறைக்குப் புறப்பட்டால் சில சொற்கள் சொல்லி அனுப்புங்கள். சம்பள நாளிலும் சரக்கு அனுப்பும் நாளிலும் போக வேண்டாம். முன்னதாக நேரம் கேட்டுக்கொள்ளட்டும். பெயரை எழுதலாமா என்று அனுமதி பெறட்டும். முதலீட்டை முதலில் கேட்டால் வருமான வரிக்காரரோ என்று எவரும் தயங்குவர். எனவே முதல் இயந்திரம் வந்திறங்கிய நாளைப் பற்றிக் கேட்கட்டும். எழுதியதை அப்பெரியவருக்குப் படித்துக் காட்டிய பின்பே கல்லூரியில் அளிக்கட்டும். பட்டறை உங்களுடையதே என்றால், வந்த பிள்ளையை அமரச் சொல்லி, அது கேட்க மறந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.