வெள்ளுடை மட்டும் போதுமா?



விடியற்காலையில் மூலக்குளம் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்பட்ட நம் வீட்டுப் பெண்களைக் காண்பீர்கள். ஏ.எப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. அப்பனுக்கு ஆலை சோறு போட்டது. மகளுக்கு ஆஸ்பத்திரி போடுகிறது.

வெள்ளுடை கண்டதும் நோயாளி, “நர்சம்மா” என்கிறார். ஆனால் மூன்று, நான்கு ஆண்டு படித்து, மன்றத்தில் பதிவு பெற்றவரே செவிலியர். மற்றவர் உதவியாளர். இருவரும் உழைப்பாளிகளே, ஆனால் இருவர் பொறுப்பும் ஒன்றல்ல.

குளிப்பாட்டலாம், படுக்கை மாற்றலாம், உணவூட்டலாம்: இவை உதவியாளரிடம் ஒப்படைக்கத்தக்கவை. ஊசி போடுவதும், இரத்தம் ஏற்றுவதும், நோயாளியின் நிலையை எடைபோடுவதும் செவிலியரின் கடமை.

உணவூட்டுவதுகூட எப்போதும் எளிதன்று. பக்கவாதம் கண்டவருக்கு விழுங்கும் சக்தி குன்றியிருக்கலாம். ஒரு கவளம் மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து! ஆகவேதான் அமெரிக்கச் செவிலியர் மன்றங்கள் ஐந்து கேள்விகளை வகுத்தன. பணி ஏற்றதா? நோயாளியின் நிலை ஏற்றதா? ஆள் தக்கவரா? சொன்னது தெளிவா? மேற்பார்வை உண்டா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும் வேலையை ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்த பிறகும் செவிலியரின் பொறுப்பு தீராது.

நல்ல விதிதான். ஆனால் மேற்பார்க்க ஆள் எங்கே? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இருபது பேருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு, “விதிப்படி நட” என்றால் அது கேலிக்கூத்து அல்லவா? கூலி மிச்சம் முதலாளிக்கு, குற்றப்பழி செவிலியருக்கு, வேலைநீக்கம் உதவியாளருக்கு! இதுவா நீதி?

செவிலியர் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் புதுப்பித்தது. சட்டம் புத்தகத்தில் உறங்கினால் யாருக்குப் பயன்? நாம் கேட்பது நான்கே. எந்த வேலை யாருடையது என்று வார்டுதோறும் எழுதி வையுங்கள். உதவியாளருக்குப் பயிற்சியும் சான்றிதழும், அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள். அளவுகோல்படி செவிலியரை நியமியுங்கள். “இது எனக்குக் கற்பிக்கப்படவில்லை” என்று சொல்லும் பெண்ணைத் தண்டிக்காதீர்கள்.

1936 ஜூலை 30இல் புதுவையில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர் குண்டுக்கு இரையாயினர். எட்டுமணி நேர வேலை அந்தப் போராட்டத்தின் வெற்றி. அவர்கள் மண்ணில் பிறந்த மகள், அறியாத வேலைக்கு அஞ்சி நிற்கலாமா?

செவிலியரும் உதவியாளரும் ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டாம். ஒரே சங்கத்தில் சேருங்கள். அப்போதுதான் விதி சுவரில் ஏறும். நோயாளி உயிரோடு வீடு திரும்புவார்!