செய்தென, செயின்: தானியங்கும் பணிகளுக்கு ஓர் இலக்கணம்

தமிழ்99 விசைப்பலகையில் 'பக்கம்' என்று தட்டச்சு செய்பவர் முதல் ககரத்துக்குப் புள்ளியிடுவதில்லை. ககர விசையை இருமுறை அழுத்துகிறார். முன்னதன் மேல் புள்ளி தானே அமர்ந்துவிடுகிறது. 'தங்கம்' என்று எழுத ஙகரத்தை அடுத்துக் ககரத்தை அழுத்தினாலும் அவ்வாறே நிகழ்கிறது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. தமிழில் எவ்வெழுத்தின் பின் எவ்வெழுத்து வரும் என்பதை நம் இலக்கணம் உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம் என வகுத்து வைத்திருக்கிறது. அவ்வறிவு விசைப்பலகைக்குள் ஒரு விதியாகப் புகுந்ததனால், ஒரு பக்கத்தில் பலமுறை செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்று நம் விரல்களிலிருந்து நீங்கிற்று.

இவ்வுரைக்கு எடுத்துக்கொண்ட பொருளும் இதுவேயாகும். தகவல் தொழில்நுட்ப உதவிப் பிரிவுகளில் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் வேலைகளை, ஒரு தூண்டலைக் கண்டவுடன் தாமே இயங்கும் பணியோட்டங்களாக அமைப்பது எவ்வாறு? இது பொறியாளர்க்கு மட்டும் உரிய வினா என்று பலர் கருதுகின்றனர். நாமோ இதனை முதற்கண் ஒரு வாக்கியச் சிக்கலாகக் காண்கிறோம். பிழையான பணியோட்டங்கள் பலவற்றின் வேர், தெளிவின்றி எழுதப்பட்ட ஒரு நிபந்தனை வாக்கியத்தில் இருக்கிறது.

பள்ளியில் நிகழும் வேலை

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2020இல் மலேசியக் கல்வி அமைச்சு டெலிமா என்னும் இணையக் கற்றல் தளத்தைத் தொடங்கியதிலிருந்து, முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் ஓர் அடையாளப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. ஏழு வயதுக் குழந்தை கடவுச்சொல்லை மறப்பது இயல்பு. மறந்த பிள்ளை வகுப்பாசிரியரிடம் சொல்கிறது. வகுப்பாசிரியர் கணினிப் பொறுப்பாசிரியரிடம் சொல்கிறார். அவர் தம் பாடவேளைக்கு இடையே அதனைச் சரிசெய்கிறார். ஒரு வாரத்தில் 30 பிள்ளைகள் மறந்தனர் என்றும், ஒவ்வொருவருக்கும் ஐந்து மணித்துளி ஆகிறது என்றும் கொள்வோம். இரண்டரை மணி நேரம் கற்பித்தலிலிருந்து கழிந்துபோகிறது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் நிறுவனங்களிலும் உதவி மேசைக்கு வரும் வேண்டுகைகள் இவ்வினத்தனவே: கடவுச்சொல் மறந்தது, புதிய பணியாளர்க்குக் கணக்குத் திறப்பது, விலகியவரின் கணக்கை மூடுவது, சேமிப்பு வட்டு நிறைந்தது. ஐடிஐஎல் எனப்படும் சேவை மேலாண்மை நெறி, எதிர்பாராது நேரும் 'இடையூறு' வேறு, வழக்கமாக வரும் 'வேண்டுகை' வேறு என்று பிரிக்கிறது. தானியக்கத்துக்கு ஏற்றது பெரும்பாலும் பின்னதே. ஒவ்வொரு முறையும் ஒரே வகையாய்த் தொடங்கி ஒரே வகையாய் முடிவது அது.

இரு எச்சங்கள்

பணியோட்ட விதி ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது தூண்டல், அஃதாவது நிகழ்ந்துவிட்ட ஒரு செய்தி. இரண்டாவது நிபந்தனை, அந்நேரத்தில் மெய்யா எனச் சோதித்தறிய வேண்டிய நிலை. மூன்றாவது செயல். அன்றாடப் பேச்சில் முதலிரண்டையும் 'ஆல்' என்னும் ஒரே ஈற்றால் சொல்லிவிடுகிறோம்: 'கடிதம் வந்தால்', 'விடுமுறையாக இருந்தால்'. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

பழைய இலக்கணம் இவ்விரண்டையும் வெவ்வேறு வாய்பாடுகளில் வைத்தது. நன்னூல் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செய்தென' என்பது இறந்தகாலத்தது; 'செயின்' என்பது எதிர்காலத்தது. 'மணி அடித்தென மாணவர் எழுந்தனர்' என்றால் மணி அடித்தாயிற்று. அந்நிகழ்ச்சியே எழுதற்குக் காரணம். 'மணி அடிப்பின் மாணவர் எழுவர்' என்றால் அடிப்பதும் அடியாதொழிவதும் இனிமேல்தான் தெரியும். தூண்டலைச் செய்தென வாய்பாட்டிலும் நிபந்தனையைச் செயின் வாய்பாட்டிலும் எழுதிப் பார்த்தால் விதியின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும்: 'வேண்டுகை வந்தென, அனுப்பியவர் பதிவேட்டில் உள்ளவராயின், புதிய கடவுச்சொல்லை வழங்குக.' இக்காலத் தமிழில் 'வந்தவுடன்', 'உள்ளவராக இருந்தால்' என்று எழுதினும் குற்றமில்லை. இரண்டும் இரண்டாக இருத்தலே வேண்டும்.

எச்சம் முற்றைக் கொண்டு முடிய வேண்டும் என்பதும் நாம் மாணவர்க்குச் சொல்லித்தரும் பாடம். 'வட்டு 90 விழுக்காடு நிறைந்தவுடன்' என்று தொடங்கும் விதி, யார் யாருக்கு எதைச் செய்வது என்று முடியாவிடில் அறைகுறையாகவே நிற்கும். எச்சரிக்கை மடல்கள் யாரும் திறவாத அஞ்சற்பெட்டியில் குவிவது, முற்றுப்பெறாத இவ்வகை வாக்கியத்தின் விளைவாகும்.

காலமும் ஒரு தூண்டலே

எல்லாத் தூண்டலும் ஒருவர் செயலால் எழுவதில்லை. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கிரான்' என்னும் நிரல் இருந்தது. குறித்த நேரம் வந்தவுடன் குறித்த கட்டளையை நிறைவேற்றுவது அதன் தொழில். இரவுதோறும் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது போன்ற வேலைகளுக்கு அதன் வழிவந்த நிரல்கள் இன்றும் பயன்படுகின்றன.

காலத் தூண்டலில் ஒரு கண்ணி உண்டு. 'மாணவர் 14 நாள் தளத்துள் நுழையாவிடில் கணக்கைப் பூட்டுக' என்று ஒரு பள்ளி விதி எழுதுவதாகக் கொள்வோம். பாதுகாப்புக்கு நல்லது போலவே தோன்றும். கல்வியாண்டு இறுதி விடுமுறை வந்ததும் அவ்விதி பள்ளி முழுவதையும் பூட்டிவிடும். பள்ளி திறக்கும் முதல் நாளில் பொறுப்பாசிரியர் முன் நெடிய வரிசை நிற்கும். வேலையைக் குறைக்க வந்த விதி வேலையைப் பெருக்கிவிட்டது.

புறனடை

நம் இலக்கண நூலார் இயல்களின் இறுதியில் புறனடை கூறுவதுண்டு. எடுத்தோதிய விதிகளுக்குள் அடங்காதவை எஞ்சும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். தமிழ்99 அமைத்தோரும் இதனை மறந்திலர். 'மமதை' என்ற சொல்லில் இரு மகரங்கள் அடுத்தடுத்து வரினும் புள்ளி வேண்டியதில்லை. இடையே அகர விசையை அழுத்தினால் தானியக்கம் நின்றுவிடும். விதியை நிறுத்தும் விசை பயனர் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. உதவிப் பிரிவின் விதிகளுக்கும் இத்தகைய ஓர் அகர விசை வேண்டும்.

புறனடை இல்லாத விதிக்குப் பழைய சான்று மின்னஞ்சலில் உண்டு. விடுப்பில் இருப்பவரின் பெட்டி 'யான் ஊரில் இல்லை' என்று தானே மறுமொழி அனுப்புகிறது. அதனைப் பெறுபவரும் விடுப்பில் இருப்பின், அவர் பெட்டியும் மறுமொழி அனுப்பும். இரு பொறிகளும் முடிவின்றி உரையாடும். இதனைத் தடுக்கவே யூனிக்ஸின் 'வெக்கேஷன்' நிரல், ஒருவருக்கு வாரத்தில் ஒருமுறைக்கு மேல் மறுமொழி அனுப்பாத வழக்கத்தைக் கொண்டது. பொறி அனுப்பும் மடல் 'இது தானே அனுப்பப்பட்டது' என்ற குறியைத் தலைப்பில் தாங்க வேண்டும் என்ற நெறி 2004இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாக வெளிவந்தது. ஒரு விதியின் செயல் மற்றொரு விதிக்குத் தூண்டலாகுமா என்பது, விதி எழுதுவோர் தவறாது கேட்க வேண்டிய வினா.

எதனைப் பொறிக்கு விடலாகாது

மீண்டும் கடவுச்சொல்லுக்கு வருவோம். 'வேண்டுகை வந்தவுடன் அனுப்பிய முகவரிக்கே புதிய கடவுச்சொல்லை அனுப்புக' என்ற விதி விரைவானது. ஆயின் பிள்ளையின் பெயரால் எவரும் எழுதலாம். பெரியவர்க்குக் கைப்பேசிக்கு வரும் குறியெண்ணைக் கொண்டு ஆளை உறுதி செய்யலாம். கைப்பேசி இல்லாத ஏழு வயதுப் பிள்ளையை அறிந்தவர் அதன் வகுப்பாசிரியர். எனவே விதியில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: 'வகுப்பாசிரியர் ஒப்புதல் அளிப்பின்'. ஒப்புதல் கிடைத்தபின் கடவுச்சொல்லை மாற்றுதல், ஆசிரியர்க்குத் தெரிவித்தல், பதிவேட்டில் நாளும் நேரமும் குறித்தல் ஆகிய மூன்றையும் பொறி செய்யட்டும். அறிதல் ஆசிரியருடையது, எழுத்து வேலை பொறியுடையது. ஐந்து மணித்துளி ஒரு மணித்துளியாகக் குறைந்தாலும் அது பேருதவியே.

தானியக்கத்துக்கு முன் இன்னொன்றும் எண்ணத்தக்கது: அவ்வேலை வேண்டுவதுதானா? குறித்த நாளுக்கு ஒருமுறை எல்லாரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற கட்டளை பல அலுவலகங்களில் நெடுங்காலம் இருந்தது. மறதிக்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, கடவுச்சொல் களவு போனதற்குச் சான்று இருந்தாலன்றி அவ்வாறு மாற்றச் சொல்லலாகாது என்றது. அக்கட்டளையை நீக்கினாலே உதவி மேசைக்கு வரும் வேண்டுகைகளில் ஒரு பகுதி குறையும். வேண்டாத வேலையை விரைவாகச் செய்யும் பொறியினால் யாருக்கும் பயனில்லை.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

நம் மாணவர் பலர் நாளை இவ்வுதவி மேசைகளில் அமர்வர். திரும்பத் திரும்ப வரும் வேலையைப் பொறி எடுத்துக்கொண்டால் தமக்கு என்ன எஞ்சும் என்ற அச்சம் அவர்களுக்கு எழுவது நேர்மையானதே. விதியை எழுதுவதும், அது பிறழுமிடத்தை முன்னுணர்வதும், பிறழ்ந்தபின் பொறுப்பேற்பதும் எஞ்சும். அவற்றுக்கு வேண்டிய பயிற்சியைத் தமிழ் வகுப்பிலேயே தொடங்கலாம்.

ஆசிரியர்கள் வினையெச்சம் கற்பிக்கும் நாளில், பள்ளியில் திரும்பத் திரும்ப நிகழும் ஒரு வேலையை மாணவரிடம் கொடுக்கட்டும். நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரப்படாமை நல்ல எடுத்துக்காட்டு. மாணவர் அதனை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும்: நிகழ்ச்சி ஒன்று, நிபந்தனை ஒன்று, முற்று ஒன்று. பின்னர் அடுத்த மாணவர் அவ்விதி பொருந்தாத ஒரு நாளைக் கண்டுபிடிக்கட்டும்: நோயுற்ற பிள்ளை, பள்ளி மாறிச் சென்ற பிள்ளை, நூலகமே மூடியிருந்த வாரம். மூன்றாமவர் புறனடை எழுதட்டும். அவ்விதியைக் கணினியில் ஏற்றுவது அதன்பின் எளிது.