மின்சாரம் போனால் கணக்கும் போகலாமா?

உங்கள் கடைக் கம்ப்யூட்டரின் அருகில் யு.பி.எஸ். பெட்டி இருக்கும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு மின்சாரக் கம்பி போகிறது. தகவல் கொண்டுபோகும் மெல்லிய கேபிள் ஒன்றும் போகிறதா? இன்று கடையைப் பூட்டுமுன் குனிந்து பாருங்கள். அந்தக் கேபிள் இல்லாவிட்டால், பேட்டரி தீரப்போவது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது.

வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள் இரண்டும் நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. ஆனாலும் மின்தடை நமக்குப் புதிதல்ல. 2012-ல் பல மணி நேர மின்வெட்டைப் பார்த்தோம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கம்பங்களைச் சாய்த்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பராமரிப்புக்கான மின்நிறுத்தம் நாளிதழில் முன்கூட்டியே வருவதால் தயாராகிவிடலாம். முதலாளி செங்குன்றத்தில் அரிசி பிடிக்கப் போயிருக்கும்போது சொல்லாமல் வரும் தடைதான் கணக்கைக் கெடுக்கிறது.

கெடுவது எப்படி?

ஒரு பில் போட்டால் விற்பனை, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பற்று எனப் பல இடங்களில் பதிவு ஏறுகிறது. பாதி ஏறி, மீதி ஏறாமல் கம்ப்யூட்டர் அணைந்தால் கணக்குக் கோப்பே பழுதாகலாம். யு.பி.எஸ். அந்த ஆபத்தைத் தள்ளிப்போடுமே தவிர, நீக்காது. பேட்டரி தீரும்போது வருவதும் அதே திடீர் மின்தடைதான்.

சிறிய யு.பி.எஸ். பலவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. வேகமாக இழுக்கும்போது அதில் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். கம்ப்யூட்டரும் திரையும் 100 வாட் எடுத்தால், புது பேட்டரி இருபத்தைந்து நிமிடம் தாங்கலாம். இரண்டு மூன்று ஆண்டு ஓடிய பேட்டரி ஐந்து நிமிடத்திலேயே கைவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. குறைந்த மின்னழுத்தம் வந்தால் கடை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும், யு.பி.எஸ். மட்டும் பேட்டரிக்கு மாறியிருக்கும். வியாபார இரைச்சலில் அதன் 'பீப்' ஒலி யார் காதிலும் விழாது. கண்காணிப்பு மென்பொருளோ அதைக் கவனித்துத் திரையில் எச்சரிக்கும்.

அமைக்கும் முறை

1. யு.பி.எஸ்.ஸில் தகவலுக்கான யு.எஸ்.பி. துளை உண்டா என்று பாருங்கள். சிலவற்றில் இருப்பது செல்போன் சார்ஜ் செய்ய மட்டுமே. சில மாடல்களுக்குத் தனிக் கேபிள் வேண்டும். விற்றவரிடமே கேட்டு வாங்குங்கள்.

2. கேபிளை இணைத்ததும் விண்டோஸ் திரையின் ஓரத்தில் பேட்டரிப் படம் தோன்றினால், 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியிலேயே வேலை முடியும். தோன்றாவிட்டால் தயாரிப்பாளரின் மென்பொருளை நிறுவ வேண்டும். ஏ.பி.சி. நிறுவனத்துக்கு 'பவர்சூட்' உள்ளது. பல நிறுவனங்களின் பெட்டிகளுக்குப் பொருந்தும் 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' இலவசம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஜமானர்கள் கூடாது.

3. பேட்டரி குறைந்தால் செய்ய வேண்டியது என்ற இடத்தில் 'ஹைபர்னேட்' அல்லது 'ஷட் டவுன்' தேர்ந்தெடுங்கள். 'ஸ்லீப்' போதாது, அதற்கும் மின்சாரம் வேண்டும். ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு ஹைபர்னேட் நல்லது. திறந்திருந்த வேலை டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

4. அளவை 10 சதவீதத்தில் விடாதீர்கள். பழைய பேட்டரி 50 காட்டிவிட்டுச் சட்டென்று படுத்துவிடும். 50 அல்லது 60 சதவீதத்திலேயே அணைய வையுங்கள். வேலை தொடர்வதை விட கணக்கு பிழைப்பது முக்கியம்.

5. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள், அது சூடேறும்போது அதிக மின்சாரம் இழுக்கும்.

சோதித்துப் பாருங்கள்

கடை விடுமுறை நாளில் கணக்கை நகல் எடுத்து, மென்பொருளை மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த் தொடர்பு அறுந்துவிடும். கம்ப்யூட்டர் தானாக அணைகிறதா, எத்தனை நிமிடத்தில் என்று குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் பேட்டரி தளர்வதை எண்களே சொல்லும். பெட்டியின் காற்றுத் துளைகளை மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் அடைக்காமல், எலி கேபிளைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யு.பி.எஸ்.ஸில் தகவல் துளையே இல்லையா? 'பீப்' கேட்டதும் பில் போடுவதை நிறுத்தி, கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்கக் கடைப் பையனுக்குப் பழக்குங்கள். அடுத்த முறை வாங்கும்போது துளை உள்ளதையே கேளுங்கள்.

சரக்கு-சேவை வரிச் சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு மாற்று நகல் வைத்திருக்கவும் விதி சொல்கிறது. ஆகவே அன்றாட நகலைப் பென் டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். வரி அதிகாரிக்குப் பதில் சொல்வது மட்டுமல்ல, ஊரில் நிற்கும் கடன் பாக்கி வசூலாவதும் அந்தக் கணக்கை நம்பித்தான். அதைக் காக்கும் கேபிளை இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.