இரவுக் கப்பலில் பயணம் செய்வோர் அறிய வேண்டியவை

கெடா மாநிலத் தோட்டங்களில் வாழும் நம்மவர்களுக்குக் கப்பல் பயணம் புதியதன்று. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பல இரவுகளைக் கடலிலே கழித்து, பினாங்கில் வந்திறங்கியவர்களே. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’வும், 1970களில் ஓடத் தொடங்கிய ‘சிதம்பர’மும் முதியோர் இன்றும் நினைவுகூரும் பெயர்களாகும்.

அக்கப்பல்கள் இன்றில்லை. எனினும் கடற்பயணம் நம்மை விட்டு நீங்கிவிடவில்லை. கோலக்கெடாவிலிருந்து லங்காவிக்குச் செல்லும் பெர்ரி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கரை சேர்த்துவிடும். ஆனால், தென்தாய்லாந்தின் சூராட்டானி நகரிலிருந்து சாமுய், தாவ் முதலிய தீவுகளுக்குச் செல்லும் படகுகளுள் சில, இரவில் புறப்பட்டு விடியலில் சேர்பவை. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் கப்பலோ மூன்று நாள் வரையில் கடலில் இருக்கும்.

இங்கு இரு நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தல் நலம். 1985 பிப்ரவரியில், சென்னையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ‘சிதம்பரம்’ நடுக்கடலில் தீப்பற்றியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2024 ஆகஸ்டு முதல் நாள் விடியற்காலையில், தாவ் தீவை நெருங்கிக்கொண்டிருந்த இரவுப் படகிலும் தீ மூண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் அனைவரும் மீட்கப்பட்டனர். தீ மூளும் வேளையை நாம் அறியோம். உறங்குமுன் கால் மணி நேரம் செலவிட்டு நம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வதோ நம் கையில் உள்ளது.

புறப்படுமுன்

கடப்பிதழ், அடையாள அட்டை, பணம், அன்றாடம் உண்ணும் மருந்து ஆகியவற்றை ஒரு சிறு பையிலிட்டு உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு நோயாளர் தம் மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாகாது. ஒரு கைவிளக்கு, போர்வை, குடிநீர் ஆகியவையும் தேவை. கப்பலின் பெயரையும் சேரும் நேரத்தையும் வீட்டிலுள்ளோரிடம் எழுதிக் கொடுங்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகில், சீட்டு வாங்கியிருந்தாலும், ஏறாதீர்கள். சீட்டுக்காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

ஏறியவுடன்

தோட்டத்தில் காலையில் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடுகிறோம். கப்பலிலும் ஆபத்து நேரத்தில் பயணிகள் கூடுவதற்கென்று ஓரிடம் குறிக்கப்பட்டிருக்கும். அதுவே கப்பலின் பெரட்டுக்களம். அது எங்கே என்று பணியாளரைக் கேட்டு, நேரில் நடந்து பாருங்கள். உயிர்காப்புச் சட்டை இருக்கும் இடத்தையும் அணியும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலான சட்டையைக் கேட்டு வாங்குவது பெற்றோர் கடமை.

பால்மரம் வெட்டுவோர் இருளிலும் தம் நிரையை அறிவர். எத்தனையாவது மரத்தில் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதுபோலவே, படுக்கையிலிருந்து வெளிவழி வரை எத்தனை கதவுகள், எப்பக்கம் திரும்பல் என்று எண்ணி வையுங்கள். புகை சூழ்ந்த இருளில் கண் உதவாது. அந்த எண்ணிக்கையே உதவும். கப்பற் கதவுகளின் அடியில் உயர்ந்த படி இருக்கும். காலைத் தூக்கி வையுங்கள். கதவு நிலையில் கை வைத்தால், கப்பல் சாயும்போது விரல் நசுங்கிவிடும்.

தலைச்சுற்றலும் வாந்தியும்

கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு. அங்கே இடம் கிடைப்பது நல்லது. பசியோடும் ஏறலாகாது, வயிறு புடைக்க உண்டும் ஏறலாகாது. தலைச்சுற்றல் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்குவதால் பயன் குறைவு. கருவுற்ற தாய்மாரும், பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புவோரும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதும் நலம் தரும்.

உறங்கும் வேளையில்

நடைவழியில் பெட்டியையும் பாயையும் பரப்பாதீர்கள். காலணியையும் கைவிளக்கையும் தலைமாட்டில் வையுங்கள். படுக்கையிடத்தில் புகைபிடித்தலும், அடுப்பு மூட்டுதலும் ஒருபோதும் கூடா. இரவில் தனியே மேல்தளத்துக்குச் செல்லாதீர்கள். இருளில் கடலில் விழுந்தவரைக் காண்பது மிக அரிது. மது அருந்தியவருக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம்.

ஆபத்து நேர்ந்தால்

பெரிய பயணிகள் கப்பலில் ஏழு குறுகிய ஒலிகளும், அதனையடுத்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அது ஆபத்து அறிவிப்பு. சிறு படகில் பணியாளரின் குரலே அறிவிப்பாகும். பெட்டியைத் தேடாமல், சட்டையை அணிந்து கூடுமிடம் செல்லுங்கள். புகையிருந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடித் தவழ்ந்து செல்லுங்கள். தரையோரத்தில்தான் காற்று தெளிவாக இருக்கும். பணியாளர் சொல்லுமுன் கடலில் குதிக்காதீர்கள்.

இவற்றைப் பிள்ளைகளுக்கும் புறப்படுவதற்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். பெரியவர் மறந்ததைச் சில வேளை சிறியவர் நினைவூட்டுவர்.