டீ ஆற்றும் அமைச்சரும் டோக்கன் நோட்டும்

இடைத்தேர்தல் அறிவித்த மறுவாரமே தொகுதிக்குள் வித்தை காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு அமைச்சர் கல்லில் புரோட்டாவைத் திருப்பிப்போடுவார், இன்னொருவர் டீ ஆற்றுவார், வேறொருவர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். கேமராவும் கூடவே வரும். இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. புரோட்டா கருகினால் கடைக்காரருக்குத்தான் நட்டம். கேமரா கிளம்பிய பிறகு, வாக்காளர் பட்டியலோடு ஒருவர் வந்து "வீட்ல எத்தனை ஓட்டும்மா?" என்று கேட்பார். உஷாராக வேண்டியது அப்போதுதான்.

தமிழ்நாட்டின் சட்டமன்றப் பொதுத்தேர்தலில் 234 தொகுதிகளுக்குப் பிரிந்துபோகிற ஆள்பலமும் பணபலமும் இடைத்தேர்தலில் ஒரே தொகுதியில் வந்து இறங்குகின்றன. 2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்க 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பேச்சே வழக்கத்துக்கு வந்தது. 2017 ஏப்ரலில், வருமான வரிச் சோதனையில் சுமார் 89 கோடி ரூபாய் பட்டுவாடா பற்றிய ஆவணங்கள் சிக்கியதாகத் தகவல் வெளியானதை அடுத்து, சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று புகார் கிளம்பியது. வென்ற டி.டி.வி.தினகரன் தரப்பு மறுத்தது. அந்த வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள்தான், மறைந்த முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருக்கும் வீடியோவை அதே தரப்பைச் சேர்ந்த வெற்றிவேல் வெளியிட்டார். கடைசி 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பானவற்றைக் காட்டக்கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. ஆணையம் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது, வழக்கும் பதிவானது. ஆனால் அதற்குள் ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று.

பணம் கொடுப்பவரின் உண்மையான மூலதனம் நம்முடைய பயம். "எந்தப் பட்டனை அமுக்குனீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்பார்கள். தெரியாது. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு மட்டுமே வெளியே வரும். ஓட்டைச் சரிபார்க்க உதவும் விவிபேட் சீட்டு ஏழு விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்குவது அடுத்த உத்தி. ஓட்டு மாறினால் தெய்வக்குற்றம் வரும் என்று நம்பவைப்பது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி முறையற்ற செல்வாக்கு. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ அதைச் செய்ததாக நிரூபித்தால் வெற்றியே செல்லாமல் போகலாம்.

ஓட்டுக்குக் கொடுப்பது போலவே வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் லஞ்சம்தான். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கியவர் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நோட்டு கைக்கு வருமுன் புகார் செய்வதே பத்திரம். தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியில் அந்த இடத்திலிருந்தே படமோ வீடியோவோ எடுத்து அனுப்ப வேண்டும். போனில் ஏற்கெனவே இருக்கும் படத்தை ஏற்றமுடியாது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் வாக்குறுதி. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு 1950 என்ற உதவி எண் இருக்கிறது.

முடிவு வந்தபின் என்றால் வழி கொஞ்சம் கரடுமுரடு. தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். காப்புத்தொகை 2,000 ரூபாய். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்கு இழுத்துக்கொண்டே போவதுண்டு. இடைத்தேர்தலில் ஜெயித்தவரின் மிச்சப் பதவிக்காலமே குறைவு என்பதால், தீர்ப்பு வரும்போது அவர் முன்னாள் ஆகியிருக்கலாம்.

தேர்தல் நேரத்தில் பணப் பட்டுவாடாவைத் தடுக்கச் சோதனை செய்யும் பறக்கும் படையிடம் மாட்டுபவர்களில் வியாபாரிகளும் உண்டு. ஈரோடு மாதிரி ஜவுளிச் சந்தை உள்ள ஊரில் இது பெரிய தலைவலி. 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் வங்கிச் சீட்டோ பில்லோ கூடவே இருக்கட்டும். பறிமுதல் செய்தால் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் குறிப்பிட்டிருக்கும் மாவட்ட மேல்முறையீட்டுக் குழுவிடம் போங்கள். தேர்தலோடு சம்பந்தமில்லாத பணம், வழக்கும் இல்லை என்றால், வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி.